துரைக்குக் கோப்பி கொடுத்த அம்மாவுக்கு

என் தங்கமான, பிடிவாதக்கார அம்மா,

நீ இருந்திருந்தால் இந்நேரம் என் காதைத் திருகியிருப்பாய். லயத்தில் ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். பாக்கியத்தோட மகள் எல்லோர் மானத்தையும் துரை முன்னால் கொட்டிக் கவிழ்த்துவிட்டாளாம். நாலு எழுத்து இங்கிலீஷ் படித்த திமிராம். கொட்டியது உண்மை. திமிரும் உண்மைதான், யார் இல்லையென்றது? அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் விளக்கின் கீழே வைக்காமல் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். கடைத்தெரு அஞ்சடி நடைபாதையில் யாராவது உரக்கப் படிக்கட்டும், பேசுகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்கட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. வெல்ட் கீ துறைமுகத்துப் பக்கம் நம் லயம் நீ விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. ஒரே கூரை, வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய். காமாட்சி அக்காவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, வாய் குறையவில்லை. ஆயிஷா பீவி கடையில் இப்போது உன் மாதிரி மசாலா இடிக்க ஆளில்லையாம். வாரத்துக்கு ஒருமுறையாவது என்னிடம் சொல்லிவிடுகிறார்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் பழைய கதையை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கப்பலில் சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து விழுந்து அப்பா இறந்த பிறகு, கம்பெனி நமக்கு இந்த அறையை விட்டுவைத்தது. மாதா மாதம் அரிசியும் அளந்தது. லயத்தில் விதவைகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் அதே ஏற்பாடு. பிறகு ரப்பர் விலை விழுந்தது, கப்பல் வரத்து குறைந்தது, வேலை இல்லாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிய காலம் வந்தது. அரிசியையும் குறைக்க வேண்டும், யாருக்கு நிஜமாகவே கஷ்டம் என்று பார்த்துவரக் கம்பெனித் துரையே நேரில் வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நீ என்ன செய்தாய் அம்மா? வீட்டைக் கழுவினாய். ஆயிஷா பீவியிடம் பால் டின் கடன் வாங்கினாய். சக்கரை ஒரு வீட்டில், பீங்கான் கோப்பை ஒரு வீட்டில், உட்கார நாற்காலி கங்காணி வீட்டில். நீ மட்டுமா, லயத்துப் பெண்கள் எல்லோரும் அதையேதான் செய்தீர்கள். ஒரே நாற்காலி பின்பக்கமாக ஓடி ஓடி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

துரை வந்தார். உட்கார்ந்தார். கெட்டிக் கோப்பியை ரசித்துக் குடித்தார். கூட வந்த கிராணியார், ஆபீசில் கணக்கெழுதுகிற யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர், துரை சொல்லச் சொல்ல உன்னைக் கேட்டார். சாப்பாட்டுக்கு எப்படி என்றார். ஆச்சுங்கய்யா என்றாய். ஏதாவது குறை உண்டா என்றார். உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க என்றாய். அன்று காலையில் நாம் கஞ்சித் தண்ணீர்தான் குடித்திருந்தோம். நான் வாயைத் திறக்கப் போனேன், முந்தானைக்குள்ளே என் கையைக் கிள்ளினாய். விருந்தாளி இருக்கும்போது பிள்ளைகள் பேசக் கூடாது.

கிராணியார் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதை இங்கிலீஷில் சொன்னார். சாப்பிட்டுவிட்டார்கள், நன்றாக இருக்கிறார்கள், குறை எதுவும் இல்லை. துரை எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு காகிதம் வந்தது. அதில் 'ரிக்ரெட்' என்று ஆரம்பித்திருந்தது. என்னடி அது என்று கேட்டாய். ரொம்ப வருத்தப்படுறாராம் என்றேன். ஐயோ பாவம், எதுக்கு என்று கேட்டாய்.

அரிசி நின்றது. நீ ஆயிஷா பீவி கடைக்கு மசாலா இடிக்கப் போனாய். மிளகாய் நெடியில் இருமி இருமி என் படிப்பை முடித்துவைத்தாய். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்தே போய்த் தேங்காய் உடைத்தாய். இனிமேல் உட்கார்ந்து சாப்பிடு என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அந்த இருமல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கோபம் வராமல் என்ன செய்யும்? துரைமேல் கோபம், கிராணியார்மேல் கோபம். சொல்லிவிடுகிறேனே, உன்மேலும்தான்.

இப்போது நான் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் அந்தச் சொற்களோடுதான் மாரடிக்கிறேன். பக்கத்தில் உட்கார வைத்து உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசை தெரியுமா? நம் பேச்சு மாதிரி அவர்கள் சொல்லுக்கு வால் கிடையாது. வா, வாங்க, வாயேன், வாடி என் கண்ணு என்று நாம் வாலை மாற்றினாலே போதும், கோபமா கொஞ்சலா என்று தெரிந்துவிடும். அவர்களுக்குக் கவர்னரும் 'யூ'தான், வாசலில் படுத்திருக்கிற நாயும் 'யூ'தான். தெரியாமல் கால் பட்டால் 'சாரி'. அப்பா போனபோது பள்ளிக்கூடத்து மிஸ் என் தலையைத் தடவிச் சொன்னதும் அதே 'சாரி'. ஆனால் அம்மா, அன்று அந்தச் சொல் வேறு மாதிரி இருந்தது. அவர் குரல் உடைந்தது. அவர்களுக்கும் மனசு உண்டு, அது குரலில் இருக்கிறது. காகிதத்தில் வரும்போதுதான் குரல் காணாமல் போய்விடுகிறது.

இல்லை என்று சொல்வதில்தான் பெரிய வித்தியாசம். அவர்கள் பேச்சில் அது முன்னாலேயே வந்துவிடும். 'ஐ டூ நாட்' என்று ஆரம்பித்தபின் திரும்ப வழியில்லை. நாம் மெல்ல இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில்தான் உண்டா இல்லையா என்கிறோம். அதற்குள் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்து மனசை மாற்றிக்கொள்ளலாம். நீ எத்தனை தடவை மாற்றிக்கொண்டிருக்கிறாய்! சக்கரை கேட்டு வருகிறவளிடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகம் சுருங்குவதைப் பார்த்ததும் இருந்த கடைசிப் பிடியையும் மடித்துக் கொடுத்துவிடுவாய்.

அதற்காக வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் என்று நினைத்துவிடாதே. மேலே போகப் போக அவர்களுடைய 'நோ'வும் சட்டை போட்டுக்கொள்கிறது. 'ரிக்ரெட்' ஒரு சட்டை. 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' இன்னொரு சட்டை. பயமாக இருக்கிறது என்று அர்த்தம், ஆனால் கொஞ்சமும் பயமில்லாதவர்கள்தான் அதைச் சொல்கிறார்கள். நாம் எதிராளி மனசு நோகக் கூடாதென்று மறைக்கிறோம். அவர்கள் தங்கள் மனசு நோகக் கூடாதென்று மறைக்கிறார்கள். இதில் பட்டினி கிடந்தது மட்டும் நாம்.

சரி, நடந்ததுக்கு வருகிறேன்.

போன மாதம் மறுபடியும் சொல்லி அனுப்பினார்கள். இந்தத் தடவை அறைகளுக்கே ஆபத்து. கஷ்டப்படுகிறவர்கள் என்று துரைக்குத் தோன்றுகிறவர்கள் இருக்கலாம், அரிசியும் திரும்பக் கிடைக்கலாம். மற்றவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். சேதி வந்த சாயங்காலம் குழாயடியில் எல்லோரும் கூடினோம். என்ன செய்வது என்று பேசுவார்கள் என்று நினைத்தேன். யார் வீட்டில் நாற்காலி, யார் வீட்டில் பிஸ்கோத்து என்று காமாட்சி அக்கா ஏற்பாடு பண்ண ஆரம்பித்துவிட்டார்.

கோப்பி வேண்டாம், நாற்காலி வேண்டாம் என்று நான் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், எல்லோரும் ஒரே நேரத்தில் என்மேல் பாய்ந்தார்கள்.

"வீட்டுக்கு வர்ற மனுசனை ஒரு வாய் கோப்பி கொடுக்காம அனுப்புறதா?" என்றார் காமாட்சி அக்கா. "உங்கம்மா இருந்திருந்தா உன் வாயிலயே போட்டிருப்பா."

"அவரு விருந்துக்கு வரலக்கா. நம்ம பானையில என்ன இருக்குன்னு பார்க்க வர்றாரு. அதையே காட்டுவோம்லா."

"காலிப் பானையை வெள்ளைக்காரன்கிட்டக் காட்டச் சொல்றியா? அதுக்கு நான் இப்பவே ஊருக்குக் கப்பலேறிடுவேன்."

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், அவர் பிஸ்கோத்துக் கணக்குக்கே திரும்பிவிட்டார். கடைசியில் காமாட்சி அக்கா பால் டின் வாங்க ஆயிஷா பீவி கடைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். பீவி என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். உன் மசாலாக் கல் அவர் கண்ணெதிரே கிடந்தது. "பால் டின் இருக்கு. ஆனா கொடுக்க மாட்டேன்," என்றார். வாசலில் வந்து நின்ற ஆளை வெறுங்கையோடு அனுப்பியதே இல்லையாம் அந்த மனுஷி. சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதார் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் துரை வந்தார். அதே துரை, கொஞ்சம் நரைத்திருந்தார். அதே கிராணியார். முதல் வீடு காமாட்சி அக்காவுடையது. வாசலில் துவைத்த சேலை கட்டிக்கொண்டு நின்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று கிராணியார் கேட்டார். அக்கா சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் உன் முகத்தில் பார்த்திருக்கிறேன். நல்லா இருக்கோம்ங்கய்யா என்று சொல்லிவிட்டார். பழக்கதோஷம். கிராணியார் துரை பக்கம் திரும்பினார்.

"நோ, சார்," என்றேன் நான்.

குழாயடியில் நின்ற பெண்களுக்குக்கூட அந்த ஒரு சொல் புரிந்தது. துரை யார் இது என்பதுபோலப் பார்த்தார். இவர் மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார், எங்களில் யாரும் நன்றாக இல்லை, உள்ளே வந்து பாருங்கள் என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நீ இடித்த மிளகாயில் படித்த இங்கிலீஷ் அம்மா, அது எப்படி நடுங்கும்?

காமாட்சி அக்கா அடுப்புக்கு முன்னால் போய் நின்று கையை விரித்து மறைத்தார். "வேணாம் சரசு," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் அவரைச் சுற்றிப் போய்ப் பானையின் மூடியைத் திறந்தேன். தண்ணீரில் ரெண்டு துண்டு மரவள்ளிக்கிழங்கு கிடந்தது. துரை குனிந்து பார்த்தார். போன தடவை அவர் குனியவே இல்லை, நாம்தான் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோமே. அடுத்த வீட்டிலும் திறந்தேன். அதற்கடுத்த வீட்டிலும். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், பிறகு அவளே திறந்துவிட்டாள்.

இதை ஏன் முதல் தடவையே இவர்கள் சொல்லவில்லை என்று துரை என்னைக் கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அன்று நீங்கள் எங்கள் விருந்தாளி, சார்," என்றேன். கிராணியார், ஆமாம் சார், இவர்களிடம் அப்படித்தான் என்றார். துரை பென்சிலைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

அப்புறம் என்மேல் கேள்வி வந்தது. இங்கிலீஷ் எங்கே படித்தாய், வேலை பார்க்கிறாயா என்றார். கிராணியார் தலையைக் குனிந்துகொண்டு, "பிள்ளை, அதை இப்ப சொல்லத் தேவையில்லை," என்று தமிழில் முணுமுணுத்தார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் எல்லோர் வீட்டுப் பானையையும் திறந்துவிட்டு என் பானையை மட்டும் நான் மூடிக்கொள்ளலாமா? ஆமாம் சார், டீச்சராக இருக்கிறேன், சம்பளம் வாங்குகிறேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். எனக்கு அப்போதே தெரியும்.

புறப்படும்போது ஒன்று கேட்டேன். யாரையாவது வெளியே அனுப்புவதாக இருந்தால் இங்கே வந்து அவர்கள் முகத்தைப் பார்த்து 'நோ' சொல்லுங்கள் சார், காகிதத்தில் அனுப்பாதீர்கள் என்றேன். ஐ ஆம் அஃப்ரெய்ட் என்று ஆரம்பித்தார். மீதி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

துரை வரவில்லை. கிராணியார்தான் ஒரு காகிதத்தோடு வந்தார். குழாயடியில் நின்று வாசித்தார். காமாட்சி அக்காவும் மற்றவர்களும் அவரவர் அறையில் இருக்கலாம், அரிசியும் உண்டு. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார். அடுத்த வரி 'ரிக்ரெட்' என்று தொடங்கியது, நான் எட்டிப் பார்த்துவிட்டேன். அதை அவர் வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்துவிட்டு, "பிள்ளை, உனக்கு இல்லை," என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அந்த மனிதர்மேல் இருந்த கோபமெல்லாம் அன்றோடு போய்விட்டது.

ஆகவே அம்மா, நான் நம் அறையைக் காலி செய்கிறேன். மூட்டை கட்டியாகிவிட்டது. ஆயர் ஈத்தாமில், கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் வீட்டில் இடம் கிடைத்திருக்கிறது. காற்றோட்டமான இடம். எனக்கு வருத்தமா என்று கேட்டால், வருத்தம்தான். நீ படுத்த இடம் இது. ஆனால் பேசாமல் இருந்து இந்த அறையைக் காப்பாற்றியிருக்கலாமே என்று ஒருத்தி கேட்டாள். அவளைக் கேட்டபடியே நிற்கவைத்துவிட்டு நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். மறுபடியும் அந்தத் துரை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

காமாட்சி அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நேற்று வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். "உன்னால எங்க மானம் போச்சு. உன்னாலதான் எங்க தலைக்கு மேல கூரையும் இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து நான் உன்னைத் திட்டத்தான் செய்வேன், கேட்டுக்க," என்றார். திட்டவும் செய்தார். ரொம்ப நேரம் திட்டினார். உன் பேச்சு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஒன்றை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அன்று கடைசியாகத் துரை நம் வாசலுக்கு வந்தார். அவர் காகிதத்தில் நம் அறைக்கு நேரே உன் பெயர்தான் இருந்தது. பாக்கியம் என்பதை அவர் வாய் என்னென்னவோ செய்தது. இந்த அம்மாள் எங்கே என்றார். 'ஷீ இஸ் மை மதர்' என்றேன். அதைக் கேட்கவில்லை, இருக்கிறாரா இல்லையா என்றார். கிராணியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து வாசல் வாசலாக இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நான். அரிசி இல்லை, எண்ணெய் இல்லை, வேலை இல்லை, வேட்டி சேலை இல்லை. நம் வாசலில் நின்றபோது அந்தச் சொல் எனக்கு வரவில்லை அம்மா. தமிழிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை. துரை பென்சிலோடு காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கிராணியார்தான் சொன்னார். துரை உன் பெயரைக் குறுக்கே அடித்தார்.

அடிக்கட்டும், அது அவர் காகிதம். எல்லோர் பானையையும் திறந்தாயே, இதை மட்டும் ஏன் மூடிக்கொள்கிறாய் என்று லயத்தில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். நியாயம் இல்லைதான், இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். பசித்தால் பசிக்கிறது என்பேன். இல்லாததை இல்லை என்பேன், எந்தத் துரை வந்தாலும், எந்த மொழியில் கேட்டாலும். என் அம்மா இருக்கிறாளா என்று கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சாகிறவரைக்கும் சொல்ல மாட்டேன்.

பாக்கியத்தின் மகள்,
சரசு